முக்காடிட்ட ரெபெக்காள்: சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் குடும்பத்தோடு ஒரு நாள்



பிழைப்பைத் தேடி வெளிமாநில நகரங்களில் குடியேறிய நம்முடைய குடும்பங்களுக்கு மூன்று வழிகளே நன்றாகப் பழக்கமானவை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி ஒன்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்குப் போகும் வழி மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் வழி மூன்றாவது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் ரயில் பாதையையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகள் ஒரே நகரத்தில் வாழ்ந்தும், அந்நகரத்தின் பெயர்பெற்ற இடம் ஒன்றையாவது பிள்ளைகளோடு நின்று பார்த்திராத பெற்றோர் நம்மிடையே அநேகர். ஓய்வு இல்லை, கையில் பணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு பகல் முழுவதும் சேர்ந்திருந்து பேசும் தருணங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

ஆகவே இந்தக் கட்டுரையில் உங்களை ஓர் ஒருநாள் பயணத்திற்கு அழைக்கிறேன். இடம் ஹைதராபாத் மாநகரம். பார்க்கப் போவது மூசி நதியின் தென்கரையிலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகம். சிக்கந்தராபாத்திலும் ஹைதராபாத்திலும் உள்ள நம் குடும்பங்களுக்கு இது நகரப் பேருந்துத் தூரம். காசிப்பேட்டை, வாரங்கல் போன்ற இடங்களில் இருப்பவர்கள் காலை ரயிலில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் இருந்து வாசிக்கிற நீங்கள், உறவினர் வீட்டுத் திருமணத்திற்கோ கன்வென்ஷன் கூட்டத்திற்கோ ஹைதராபாத் வரும்போது ஒரு பகலை இதற்கென்று ஒதுக்கலாம்.

அந்த அருங்காட்சியகத்தில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமான கலைப்பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் முன்னால் நின்று, நம்முடைய தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு கதை இருக்கிறது. அதற்காகவே இந்த அழைப்பு.

விசுவாசி அங்கே போகலாமா?

அருங்காட்சியகம் என்றவுடன் சில விசுவாசிகளுக்கு ஒரு தயக்கம் உண்டாகிறது. அங்கே விக்கிரகங்கள் இருக்குமே, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. சொந்த வீட்டாரின் எதிர்ப்பைச் சகித்து, பழைய வழிபாடுகளை விட்டு வந்தவர்களின் மனச்சாட்சி அதில் பேசுகிறது.

ஆனாலும் வேதத்தைச் சற்று கவனியுங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு உள்ளம் கலங்கினான். ஆயினும் அவன் கண்களை மூடிக்கொண்டு தெருக்களில் நடக்கவில்லை. ஒரு பலிபீடத்தில் எழுதியிருந்ததை நின்று வாசித்தான். பின்பு மார்ஸ் மேடையில் பேசியபோது அதிலிருந்தே தொடங்கினான். தானியேலும் அவனுடைய நண்பர்கள் மூவரும் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார்கள். ராஜா நிறுத்திய பொற்சிலையின் முன் பணிய மறுத்தவர்கள் அந்த நண்பர்கள் மூவருமே. கற்பதற்கும் பணிவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் தீபாராதனை இல்லை. காணிக்கைப் பெட்டி இல்லை. ஒரு பொருள் எந்தக் காலத்தில், எந்த நாட்டில், எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிவதற்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. மனச்சாட்சி இடங்கொடாதவரை வற்புறுத்த வேண்டாம்; போகிறவரைக் குறைகூறவும் வேண்டாம். ரோமர் நிருபத்தின் 14-ஆம் அதிகாரம் போஜன காரியத்தில் கற்பிக்கும் ஒழுங்கு இதற்கும் போதுமானது.

நாளும் வழியும்

இந்த அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு நமக்கு ஆராதனை நாள். ஆகவே சனிக்கிழமையே ஏற்றது; பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத இரண்டாம் சனிக்கிழமை இன்னும் நல்லது. காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். பண்டிகை நாட்களில் மாற்றம் இருக்கக்கூடும் என்பதால் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிக்கந்தராபாத் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அப்சல்கஞ்ச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறலாம். 2020-ஆம் ஆண்டு முதல் இந்தத் தடத்தில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. பரேடு கிரவுண்ட் நிலையத்தில் ஏறி எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களே.

அப்சல்கஞ்சிலிருந்து மூசியின் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளைச் சற்று நிறுத்தி ஆற்றைக் காட்டுங்கள். இன்று மெலிந்து கிடக்கும் இந்த ஆறு, 1908 செப்டம்பர் 28 அன்று கரைபுரண்டு நகரத்திற்குள் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். வடகரையில், உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு பழைய புளியமரம் உண்டு. அந்த வெள்ளத்தில் அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய 150 பேர் உயிர்தப்பினார்கள். அதன் பின்னரே பொறியாளர் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டு வெள்ளத்தடுப்புத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரு நீர்த்தேக்கங்களும் அதன் பயனாக 1920-களில் நகரத்திற்குக் கிடைத்தன. அந்த மரத்தின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் இன்று அது எல்லா மரங்களையும் போல ஒரு மரமாகவே இருந்திருக்கும்.

சேர்த்து வைத்த மனிதர்

உள்ளே நுழையுமுன் இவ்வளவு பொருள்களையும் சேர்த்தவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஹைதராபாத் சமஸ்தானத்தை நிஜாம்கள் ஆண்ட காலத்தில், அவர்களுக்குத் திவான்களாக, அதாவது பிரதம மந்திரிகளாக, இருந்த குடும்பம் சாலார் ஜங் குடும்பம். முதலாம் சாலார் ஜங்காகிய மீர் துராப் அலி கான் 1853-இல், தமது இருபத்து நான்காம் வயதில், திவானாகி, 1883-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அவருடைய பேரனே மூன்றாம் சாலார் ஜங்காகிய மீர் யூசுப் அலி கான். இவர் 1889 ஜூன் மாதம் பூனாவில் பிறந்தார். பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் தகப்பனார் இறந்துபோனார்.

தகப்பன் முகம் அறியாத அந்தப் பிள்ளை 1912-இல் ஹைதராபாத்தின் திவானாக நியமிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1914-இல், பதவியைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அதன் பின் 35 ஆண்டுகள் அவர் செய்த வேலை பொருள்களைச் சேர்ப்பதே. ஓவியம், சிற்பம், கடிகாரம், கம்பளம், வாள், தந்த வேலைப்பாடு, பீங்கான், ஜேட் கல்லில் செய்த பாத்திரம், கையெழுத்துப் பிரதி, கைத்தடி, குழந்தைகளின் பொம்மை என்று அவர் வாங்காதது அரிது. கீழ்த்திசை நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இருந்து பெட்டி பெட்டியாக அவருடைய அரண்மனைக்குப் பொருள்கள் வந்து சேர்ந்தன. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1949 மார்ச் 2 அன்று அவர் காலமானபோது, தாம் சேர்த்ததைச் சுதந்தரிக்க அவருக்கு ஒரு பிள்ளை இல்லை.

அவ்வளவு பொருள்களும் ஏலத்தில் சிதறிப்போயிருக்கக்கூடும். அப்போது ஹைதராபாத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த எம். கே. வெள்ளோடி, இவற்றை ஒரே இடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க முயற்சி எடுத்தார். கலை அறிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் பொருள்களை ஒழுங்குபடுத்த உதவினார். 1951 டிசம்பர் 16 அன்று, சாலார் ஜங்கின் இல்லமாகிய திவான் தேவ்டியிலேயே, பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். உரிமை கொண்டாடிய உறவினர்களோடு பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. 1961-இல் பாராளுமன்றம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968-இல் மூசிக்கரையிலுள்ள இப்போதைய கட்டடத்திற்கு எல்லாம் மாற்றப்பட்டன.

ஒரு பிரசங்கியார் இந்தக் கதையைக் கேட்டால், எல்லாம் மாயை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடக்கூடும். அது அந்த மனிதருக்குச் செய்யும் நீதியாகாது. அவர் சேர்த்தது அழியவில்லை. கூலி வேலை செய்கிறவரின் பிள்ளையும் இன்று ஒரு சிறு கட்டணத்தில் அவற்றைக் காண்கிறது. ஆயினும் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவரிடம் பொருள்கள் இருந்தன, பிள்ளை இல்லை. நம்மிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், பொருள் அதிகம் இல்லை. நாம் அவர்கள் கையில் எதைக் கொடுத்துப் போகப் போகிறோம்?

கடிகாரமும் இரட்டைச் சிலையும்

ஏறக்குறைய நாற்பது காட்சிக்கூடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயல வேண்டாம். பிள்ளைகள் களைத்துப்போவார்கள், எதுவும் மனதில் நில்லாது. நான்கு அல்லது ஐந்து கூடங்களைத் தெரிந்துகொண்டு நிதானமாகப் பாருங்கள்.

எல்லாரும் தேடிப் போகும் பொருள் இசைக் கடிகாரம். கல்கத்தாவைச் சேர்ந்த குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கியது. ஒவ்வொரு மணிக்கும் சற்று முன்னதாக, தாடி வைத்த ஒரு சிறு பொம்மை மனிதன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறான். எத்தனை மணியோ அத்தனை முறை மணியை அடித்துவிட்டு உள்ளே திரும்பிப்போகிறான். மற்றொரு பொம்மை, கொல்லன் சம்மட்டி அடிப்பதுபோல, வினாடிகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. நண்பகல் 12 மணிக்குத்தான் கூட்டம் மிகுதி. அப்போது பன்னிரண்டு அடிகளையும் கேட்கலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிடங்களுக்கு முன்பே சென்று இடம் பிடியுங்கள்.

அடுத்து இரட்டைச் சிலை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டது. முன்னால் நின்று பார்த்தால் இறுமாப்போடு நிமிர்ந்து நிற்கும் மெபிஸ்டோபிலஸ். ஜெர்மானியக் கவிஞர் கெதே எழுதிய பாஸ்ட் நாடகத்தில் வரும் பிசாசு இவன். சிலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் பார்த்தால், அதே மரத்தின் மறுபுறத்தில் தலைகுனிந்து, கையில் ஜெப புத்தகத்தோடு நிற்கும் மார்கரெட் என்னும் பெண் தெரிகிறாள். அந்த நாடகத்தில் அவனால் வஞ்சிக்கப்பட்டு வாழ்விழந்தவள் அவள். இந்தச் சிலையைக் குறித்து நீங்கள் எதுவும் விளக்கத் தொடங்குமுன், என்ன காண்கிறாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். ஞாயிறு பள்ளியில் நாம் ஒரு மணி நேரம் சொல்லுவதைச் சில வேளைகளில் பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும்.

முக்காடிட்ட ரெபெக்காள்

இப்போது நாம் தேடி வந்த சிலைக்கு வருகிறோம். வெண்பளிங்கில் ஆளுயரத்தில் நிற்கும் ஒரு பெண். தலையிலிருந்து முகத்தின்மேல் மெல்லிய முக்காடு விழுந்திருக்கிறது. முக்காட்டின் ஊடாக நெற்றியும் மூக்கும் தாழ்ந்த இமைகளும் தெரிகின்றன. துணியோ வேறு பொருளோ அதில் இல்லை. முகமும் முக்காடும் ஒரே கல். மூக்கின் நுனி, கன்னத்தின் மேடு ஆகிய இடங்களில் கல்லை வழவழப்பாக விட்டு, இடையிடையே மெல்லிய மடிப்புகளைச் செதுக்கியிருக்கிறார் சிற்பி. ஒளி விழும்போது அந்த மடிப்புகளின் நிழல் நம் கண்ணுக்குத் துணியாகத் தோன்றுகிறது. இதைச் செய்தவர் இத்தாலியச் சிற்பி ஜியோவானி மரியா பென்சோனி. முதலாம் சாலார் ஜங் 1876-இல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது ரோமாபுரியில் இதை வாங்கினார். பேரன் சேர்த்த எத்தனையோ பொருள்களின் நடுவே, இது பாட்டனார் கொண்டுவந்தது.

வருகிற மக்கள் கல் எப்படித் துணியாயிற்று என்று வியந்துவிட்டுக் கடந்து போகிறார்கள். அந்தப் பெண் யார் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தை எத்தனையோ திருமண ஆராதனைகளில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஆங்கிலப் பலகையை வாசிக்கப் பிள்ளையின் உதவி தேவைப்படலாம். ஆனால் கதையைச் சொல்லப் பிள்ளைக்கு உங்கள் உதவி தேவை. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ரேஷன் அலுவலகத்திலும் மொழி தெரியாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய், இந்த ஓர் இடத்தில் பிள்ளைக்கு ஆசிரியை ஆகிறாள்.

ஆகவே முழுக் கதையையும் நிதானமாகச் சொல்லுங்கள். ஆபிரகாமின் ஊழியக்காரன் பத்து ஒட்டகங்களோடு நாகோருடைய ஊருக்கு வெளியே கிணற்றருகில் வந்து நிற்கிறான். ரெபெக்காள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்ததோடு நில்லாமல் ஒட்டகங்களுக்கும் வார்க்கிறாள். மிகுந்த தாகமுள்ள ஓர் ஒட்டகம் ஒரே வேளையில் நூறு லிட்டர் வரை குடிக்கும். பத்து ஒட்டகங்களுக்கு ஒரு குடத்தால் மொண்டு ஊற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற நம் தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் காலையிலேயே புறப்பட வேண்டும் என்று ஊழியக்காரன் சொல்லுகிறான். வீட்டார் சில நாட்கள் அவகாசம் கேட்கிறார்கள். முடிவில் பெண்ணையே அழைத்துக் கேட்கிறார்கள். அவள் போகச் சம்மதிக்கிறாள்.

அவள் புறப்பட்ட ஆரான் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருக்கிறது. ஈசாக்கு குடியிருந்த தென்தேசம் அங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. திருநெல்வேலியிலிருந்து சிக்கந்தராபாத் இதைவிடத் தூரம். அவளோடு வந்தவர்கள் வளர்த்த தாதியும் சில தாதிமாரும் மட்டுமே. மாலை வேளையில் வயல்வெளியில் எதிரே வருகிற மனிதன் யார் என்று கேட்டு, அவனே தன் மணவாளன் என்று அறிந்தவுடன் முக்காட்டை எடுத்து மூடிக்கொள்ளுகிறாள். சிற்பி கல்லில் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நொடியைத்தான். பின்னால் பிறந்த வீடு. முன்னால் அறியாத மனிதன், அறியாத தேசம்.

அதற்குப் பிறகு அவள் தன் தாயையோ சகோதரனாகிய லாபானையோ மறுபடியும் கண்டதாக வேதம் எங்கும் கூறவில்லை. அவளுடன் வந்த தாதியாகிய தெபொராள் இறந்ததையும், பெத்தேலுக்கு அருகே ஒரு மரத்தின் கீழ் அடக்கம் பண்ணப்பட்டதையும் எழுதி வைத்திருக்கும் வேதம், ரெபெக்காளின் மரணத்தைத் தனியாகக் கூறவில்லை. மக்பேலா குகையில் அவளும் அடக்கம் பண்ணப்பட்டாள் என்பதை, யாக்கோபு தன் மரணத் தருவாயில் சொல்வதிலிருந்தே அறிகிறோம். ஒரு மகன் தன் தாய் எங்கே இருக்கிறாள் என்று தன் பிள்ளைகளுக்குச் சொன்னதால்தான் நமக்கும் அது தெரிந்தது.

ஒரு தாய் சொன்னது

சென்ற ஆண்டு காசிப்பேட்டையிலுள்ள எங்கள் சபையிலிருந்து இருபத்தேழு பேர் இந்தப் பயணத்தை மேற்கொண்டோம். ரெபெக்காளின் முன்னால் நின்று நான் மேற்சொன்ன கதையைச் சொல்லி முடித்தேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் தன் தாயைப் பார்த்து, “அம்மா, நீ கல்யாணமாகி இங்க வரும்போது அழுதியா?” என்று கேட்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சகோதரி சிரிக்கவில்லை.

“அழுதேன். உங்க அப்பா பார்த்தா பயந்துருவாங்கன்னு முந்தானையை வாயில வச்சிக்கிட்டு அழுதேன்” என்றார்.

அவர் ரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி. தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து 1990-களில் மணமாகி வந்தவர். சென்னையில் வண்டி மாறி, ஓர் இரும்புப் பெட்டியோடு நள்ளிரவில் காசிப்பேட்டை நடைமேடையில் இறங்கியதைச் சொன்னார். தெலுங்கு ஒரு வார்த்தையும் தெரியாது. மூன்றாம் நாள் சமையலுக்கு உப்பு இல்லை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். தெருமுனைக் கடைக்குச் சென்று, கேட்க மொழி தெரியாமல், விரல்நுனியை நாவில் வைத்து முகத்தைச் சுளித்துக் காட்டியிருக்கிறார். கடைக்காரப் பெரியவர் சிறிது நேரம் விழித்துவிட்டு, “உப்பா, அம்மா?” என்று கேட்டாராம். தெலுங்கிலும் அதற்கு உப்பு என்றே பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து உப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்ததாகவும், சிரித்துக்கொண்டே அழுததாகவும் சொன்னார். அந்த ஊரில் வாழ்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த ஒரு சொல்லில் வந்தது என்றார்.

அவருடைய மகள் தெலுங்கை மிகச் சரளமாகப் பேசுகிறவள். தாயின் தெலுங்கு உச்சரிப்பைத் தோழிகளின் முன் கேலி செய்ததும் உண்டு என்று அந்தத் தாயே பின்னர் என்னிடம் கூறினார். பதினேழு வயதுவரை அவள் இந்தக் கதையைக் கேட்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரும் கேக்கலையே பாஸ்டர்” என்றார். திரும்பி வரும் ரயிலில் மகள் தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த இரும்புப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு அடியில் பழைய துணிகளோடு இருக்கிறதாம்.

பெற்றோருக்குச் சில ஆலோசனைகள்

முதலாவது, புறப்படுவதற்கு முந்தின இரவு குடும்ப ஜெபத்தில் ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தை எல்லாருமாக வாசியுங்கள். சிலையைப் பார்க்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்ளுவார்கள்.

இரண்டாவது, பலகைகளைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். வாசித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் இது தமிழில் பேச ஒரு நல்ல பயிற்சி.

மூன்றாவது, நீங்கள் தொழிலில் அறிந்ததைக் கவனித்துப் பாருங்கள். தச்சு வேலை செய்கிறவர் மரச்சாமான்களின் இணைப்பையும், தையல் வேலை செய்கிறவர் பழைய ஆடைகளின் சரிகையையும், கொத்து வேலை செய்கிறவர் கல்லின் விளிம்பையும் பிள்ளைக்குக் காட்டலாம். தன் தகப்பனுக்கு இவ்வளவு தெரியுமா என்று பிள்ளை வியக்கும்படி ஒரு வாய்ப்பைக் கொடுங்கள்.

நான்காவது, பைகளை வாசலில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். காட்சிக்கூடங்களில் உண்ண இயலாது. புளியோதரையோ தயிர்ச்சாதமோ கட்டிக்கொண்டு வந்தால், மதியம் வெளியே வந்து அமர்ந்து சாப்பிடலாம். முதியவர்களுக்கு நடை அதிகம்; இடையிடையே உட்காரச் செய்யுங்கள். நேரம் மிஞ்சினால் 1591-இல் கட்டப்பட்ட சார்மினார் அருகிலேயே இருக்கிறது. மிஞ்சாவிட்டால் அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நிறுத்தினார்கள் என்று யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவை விலையேறப்பெற்ற கற்கள் அல்ல, ஆற்றில் கிடந்தவை. பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு இவை ஏன் இங்கே இருக்கின்றன என்று கேட்பார்கள், அப்போது பெற்றோர் கடந்துவந்த கதையைச் சொல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. கல்லை நிறுத்துவது ஒரு நாள் வேலை. கேட்கும்போதெல்லாம் சொல்லுவது தலைமுறைதோறும் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட கற்கள் உண்டு. ஊரிலிருந்து முதன்முதலாகக் கொண்டுவந்த இரும்புப் பெட்டி, தாயார் கொடுத்தனுப்பிய வெண்கலச் செம்பு, முதல் சம்பளத்தில் வாங்கிய சுவர்க்கடிகாரம், பிறந்தநாட்களையும் ஞானஸ்நான நாட்களையும் எழுதி வைத்திருக்கும் பழைய வேதாகமம், தகப்பனார் எழுதிய கடைசி இன்லண்ட் கடிதம் ஆகியவை எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அவற்றை வெளியே எடுங்கள். வாரத்தில் ஒரு நாள் குடும்ப ஜெபத்திற்குப் பிறகு ஒரு பொருளை நடுவில் வைத்து, அது எப்படி வந்தது என்று சொல்லுங்கள். தகப்பன் ஒரு வாரம், தாய் ஒரு வாரம், ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் பாட்டி ஒரு வாரம். பிள்ளைகள் அதைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். தமிழ் எழுத வராத பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதட்டும், எழுதப்படுவதே முக்கியம்.

ஹைதராபாத்துக்கு வர இயலாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். 1814-இல் தொடங்கிய கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகமும், மும்பையில் 1922 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகமும், டில்லியின் தேசிய அருங்காட்சியகமும் உங்கள் நகரங்களில் இருக்கின்றன. எங்கே போனாலும் பிள்ளையின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பொருளையாவது சுட்டிக்காட்டி, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். இந்த விடுமுறையில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துவைத்து, வீட்டாருக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.